ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்: கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோயில் காத்திருப்பு

பயாப்சி ரிசல்ட் கைக்கு வந்துவிட்டது. புற்றுநோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார். தேதி மட்டும் வரவில்லை. மூன்று வாரம் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம், கொடுத்த தேதியே தள்ளிப் போகலாம். அதற்குள் உதிரப்போக்கு நிற்காமல் படுத்துகிறது, வயிறு உப்புகிறது, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பல பெண்கள் சொல்வது இதுதான்: “எப்படியும் எடுக்கத்தானே போறாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கிறேன்.”

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆபரேஷனுக்கான வரிசை வேறு, அறிகுறிகளுக்கான வைத்தியம் வேறு. ஒன்றுக்குத் தேதி கிடைக்காததால் இன்னொன்றையும் கேட்காமல் இருக்கக் கூடாது. ஏனென்றால், கவனிக்காமல் விட்ட அறிகுறியே ஆபரேஷனைத் தள்ளிப்போட வைக்கும். மாதக் கணக்கில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியவரை, சாப்பிட முடியாமல் மெலிந்தவரை, காலில் ரத்தம் உறைந்தவரை, தேதி வந்தாலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மேஜையில் ஏற்றத் தயங்குவார்.

ஏன் இவ்வளவு நாள்?

புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே ஏன் ஆபரேஷன் செய்வதில்லை என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கோபமும் வரும், அது நியாயமானதுதான். ஆனால் காத்திருப்பு எல்லாமே ஒரே மாதிரி இல்லை.

சில நாள்கள் நோயைச் சரியாகப் புரிந்துகொள்ளவே தேவைப்படுகின்றன. பயாப்சித் துண்டை நோய்க்கூறு நிபுணர் பார்த்து, எந்த வகை, எவ்வளவு வீரியம் என்று சொல்ல வேண்டும். சில சமயம் கூடுதல் சாயப் பரிசோதனைகள் செய்வார்கள், அல்லது இன்னொரு நிபுணரிடம் காட்டுவார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய் தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். வயிறு, நுரையீரல், நிணநீர்க் கணுக்களை சி.டி. ஸ்கேன் காட்டும். எல்லாவற்றையும் மேஜையில் வைத்து அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், கீமோ நிபுணர், நோய்க்கூறு நிபுணர் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பார்கள்.

இதை அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாலோ, கர்ப்பப்பையைத் தாங்கும் பக்கத் திசுக்களுக்குப் பரவியிருந்தாலோ பொதுவாக ஆபரேஷன் முதல் சிகிச்சை இல்லை. கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சைதான் முதலில். இது தெரியாமல் சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், பிறகு அதே உடம்பு இரண்டு பெரிய சிகிச்சைகளையும் தாங்க வேண்டியிருக்கும். சினைப்பைக் கட்டியிலும் அப்படித்தான். நோய் சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும்போது, எடுக்கிற நேரத்தில் கட்டி உடைந்து உள்ளே சிந்தினால் நோயின் நிலையே ஒரு படி ஏறிவிடுகிறது. அதனால்தான் பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயில் அத்தகையவர் கையில் ஆபரேஷன் நடந்தால் பலன் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

இன்னொரு வகைக் காத்திருப்பு, பார்க்கத்தான் காத்திருப்பு மாதிரி இருக்கும், உண்மையில் சிகிச்சையே நடந்துகொண்டிருக்கும். வயிறு முழுக்கப் பரவிய சினைப்பைப் புற்றுநோயில் முதலில் கீமோ கொடுத்துக் கட்டிகளைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வது உண்டு. பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை. ஆக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். “எனக்கு இன்னும் ஒண்ணுமே பண்ணலை” என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றினால் அவருக்கு யாரும் சரியாக விளக்கிச் சொல்லவில்லை என்று பொருள்.

உடம்பைத் தயார்செய்வதற்காகவும் காத்திருக்கச் சொல்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், ரத்த சோகை, இவற்றில் எதையாவது சரிசெய்த பிறகு உள்ளே போவது நல்லது.

கடைசியாக, நோயாளிக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லாத காரணங்கள் உண்டு. ஆபரேஷன் தியேட்டர் காலியில்லை, ஐ.சி.யு. படுக்கை இல்லை, டாக்டர் விடுப்பில் இருக்கிறார், காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை. இந்த வகையைத்தான் தட்டிக் கேட்க வேண்டும். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “எப்போது?” இல்லை, “எதற்காகக் காத்திருக்கிறேன்?” என்பதுதான். ஒரு ரிப்போர்ட்டுக்காக என்றால் அது எந்தத் தேதியில் வரும் என்று கேட்கலாம். சர்க்கரைக்காக என்றால் இன்றே வேலையைத் தொடங்கலாம். படுக்கைக்காக என்றால், இந்த நோய்க்கு எத்தனை வாரம்வரை காத்திருப்பது சரி, அதைத் தாண்டினால் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப முடியுமா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் டாக்டர் தப்பாக நினைப்பார் என்று தயங்க வேண்டாம். இது தினமும் அவர்கள் எதிர்கொள்கிற கேள்வி.

அதற்குள் முற்றிவிடுமா?

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புகிற கேள்வி இது. மழுப்பாமல் பார்ப்போம்.

2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று, ஏழு வகைப் புற்றுநோய்களில் 34 ஆய்வுகளை, 12 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று அது சொன்னது. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் பயந்துபோனார்கள். அதைப் புரிந்துகொள்ளும் விதம் முக்கியம். நூறு பேரில் பத்துப் பேர் இறக்கக்கூடிய ஒரு நோய் என்று வைத்துக்கொண்டால், நான்கு வாரத் தாமதத்தால் அது பதினாறாகவோ பதினெட்டாகவோ ஆகாது. பதினொன்றைக்கூட எட்டாது. அதற்காக ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது, தாமதம் கூடக்கூட அதுவும் கூடிக்கொண்டே போகும். இன்னொரு விஷயம், அந்த ஏழில் கர்ப்பப்பை வாய் இருந்தது. கர்ப்பப்பை உள்சுவரும் சினைப்பையும் இல்லை.

உள்சுவர்ப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தை வைத்துச் செய்த ஆய்வில், வீரியம் குறைந்த இந்த வகையில் எட்டு வாரத்துக்கு மேல் தாமதமானவர்களுக்குப் பலன் குறைந்திருந்தது. ஆனால் கண்டுபிடித்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்களுக்கும் பலன் குறைவாகவே இருந்தது. அதில் அதிக உதிரப்போக்கோடு அவசரமாக வந்தவர்களும், போதிய முன்தயாரிப்பு இல்லாமல் மேஜைக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியோ, சீக்கிரம் என்பதும் சிறப்பாக என்பதும் எப்போதும் ஒன்றில்லை.

வீரியம் அதிகமான வகைகளுக்கு இந்த ஆறுதலைக் கொடுக்க முடியாது. சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், அல்லது சினைப்பைப் புற்றுநோயால் வயிற்றில் நீர் கோத்திருந்தால் வாரங்கள் முக்கியம். அங்கே தேதி கேட்டு நச்சரிப்பது தவறே இல்லை. பிரிட்டனில் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அவசரமாக அனுப்பப்பட்டவருக்கு 62 நாளுக்குள் முதல் சிகிச்சை தொடங்க வேண்டும், சிகிச்சை முடிவானதிலிருந்து 31 நாளுக்குள் தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா நேரமும் அதை எட்டுகிறார்கள் என்றில்லை. ஆனால் எவ்வளவு நாள் என்பதற்கு ஓர் அளவுகோல் கையில் இருப்பது நல்லது.

தாமதம் தவிர்க்க முடியாது என்றால் இடைக்கால சிகிச்சையும் உண்டு. வீரியம் குறைந்த உள்சுவர்ப் புற்றுநோயில் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனை மாத்திரையாகவோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமாகவோ கொடுத்து வளர்ச்சியை அடக்கிவைக்கலாம். கொரோனா காலத்தில் ஆபரேஷன் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது பல இடங்களில் இந்த வழியைத்தான் பரிந்துரைத்தார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் “அதுவரை ஏதாவது கொடுக்க முடியுமா?” என்று கேட்காமல் விடாதீர்கள்.

உதிரப்போக்கு

உள்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களில் மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரப்போக்கோடு வருகிறவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் இதுதான் முக்கிய அறிகுறி. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் வேலை, அளப்பது. “நிறைய போகுது” என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேட், அவை முழுக்க நனைந்தனவா பாதியா, கட்டி கட்டியாக வருகிறதா, ராத்திரியில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு வாரக் கணக்கைக் காட்டினால் பேச்சே மாறிவிடும். கணக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவும் தொற்று வராமல் இருக்கவும் டாம்பூன், மாதவிடாய் கப் வேண்டாம், பேட் போதும்.

ரத்தம் போவதைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை பரவலாகப் பயன்படுகிறது. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் அது பார்த்துக்கொள்ளும். இங்கேதான் ஓர் எச்சரிக்கை. புற்றுநோய் தானே ரத்தத்தை உறையத் தூண்டும் நோய். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவருக்கு இந்த மாத்திரை ஆபத்தாக முடியலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அக்காவுக்குக் கொடுத்த சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது. புரோஜெஸ்டினும் உதிரப்போக்கை அடக்கும், அதிலும் மாத்திரையாக அதிக அளவில் எடுக்கும்போது ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு.

கர்ப்பப்பை வாயில் உள்ள கட்டியிலிருந்து திடீரென்று ஓடும் ரத்தம் வேறு மாதிரி. அதற்கு மருத்துவமனையில் துணிச்சுருளை அழுத்தி வைப்பார்கள். நிற்காவிட்டால் சில முறை கதிர்வீச்சு கொடுப்பார்கள், அல்லது ரத்தக் குழாய் வழியாகப் போய் ரத்தம் கசியும் கிளையை அடைப்பார்கள். தொட்டாலே ரத்தம் வரும் கட்டி இருக்கும்போது உடலுறவைத் தவிர்ப்பது நல்லது. இதை டாக்டர்கள் பல நேரம் சொல்ல மறந்துவிடுகிறார்கள், பெண்களும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

இரண்டாவது வேலை, போன ரத்தத்தை ஈடுகட்டுவது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்த சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரிய ஆபரேஷனுக்கு முன் 13 இருந்தால் நல்லது என்று நினைக்கும் டாக்டர்கள் பலர். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் “கவலையால்தான்” என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நான்கு வாரம் முந்தைய ரிப்போர்ட் இன்றைய நிலவரத்தைச் சொல்லாது.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் காபியோடும் போட்டால் உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். இரண்டு வேளை, மூன்று வேளை என்று அள்ளிப் போட்டால் அதிகம் சேரும் என்று நினைக்கிறோம். ஆனால் சுவிட்சர்லாந்தில் இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் நடத்திய ஆய்வுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேர்ந்தது. குடலைப் புண்படுத்துவதும் குறையும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் ஆபரேஷனுக்கு மூன்று நான்கு வாரமே இருக்கிறது, ஹீமோகுளோபின் 8 என்றால் மாத்திரை எட்டிப் பிடிக்காது. நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து அதற்குத்தான். அதுவும் பலன் காட்ட இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் தேதி வந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது புத்திசாலித்தனம். மிகவும் குறைந்திருந்தால் ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும்.

வயிறு உப்பினால்

சினைப்பைப் புற்றுநோயில் கஷ்டம் வேறு விதம். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பாவாடை நாடா இறுகும். குனிய முடியாது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். வயிற்றுக்குள் நீர் சேர்வதுதான் பெரும்பாலும் காரணம்.

உப்பைக் குறை, தண்ணீரைக் குறை என்று வீட்டில் சொல்வார்கள். கல்லீரல் நோயில் சேரும் நீருக்கு அது பொருந்தும். புற்றுநோயால் சேரும் நீருக்கு அதுவும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் அந்த அளவுக்கு உதவுவதில்லை. ஸ்கேன் பார்த்து மெல்லிய குழாய் விட்டு நீரை வடித்துவிடுவதுதான் நேரடி வழி. சில லிட்டர் வெளியே வந்ததும் அன்றைக்கே மூச்சு இலகுவாகும், சாப்பிட முடியும். “ஊசி போட்டால் பரவிவிடும்” என்ற பயம் பலரிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு: சினைப்பைக்குள் அடங்கிய கட்டியை ஊசியால் குத்துவதை டாக்டர்களே தவிர்ப்பார்கள். ஆனால் வயிற்றில் ஏற்கெனவே சேர்ந்த நீரை வடிப்பது வேறு விஷயம். அது திரும்பச் சேரும், திரும்ப வடிக்கலாம்.

சாப்பாட்டை மூன்று பெரிய வேளைகளாக இல்லாமல் ஆறு சிறிய வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு மற்றதை அப்புறம் பாருங்கள். இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதில் சத்துள்ளதுக்கு முன்னுரிமை. சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்தால் அந்த இடமும் போய்விடும், நடுவில் குடியுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தால் தூக்கம் கொஞ்சம் வரும். எடை குறைந்துகொண்டே போனால் உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். வயிற்றில் நீர் சேரும்போது தராசு பொய் சொல்லும் என்பதையும் கவனியுங்கள். எடை கூடியிருக்கும், ஆனால் கையும் தோளும் மெலிந்திருக்கும்.

மலச்சிக்கல் இங்கே தவறாமல் வரும். கட்டி அழுத்துகிறது, சாப்பாடு குறைவு, இரும்பு மாத்திரை, வலி மாத்திரை, எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கிகளை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்குவது நல்லது. ஆனால் வாந்தி நிற்காமல், வயிறு முறுக்கி, மலமும் காற்றும் போகவே இல்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, குடலடைப்பாக இருக்கலாம். அப்போது வீட்டில் பேதி மருந்து எதையும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள்

துர்நாற்றத்தோடு நீர்போல வெள்ளைப்படுதல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் அடிக்கடி வரும். யாரும் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது என்று அறைக்குள்ளேயே முடங்கிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். கட்டியின் செத்த திசுக்களில் காற்றில்லாமல் வளரும் கிருமிகள்தான் இந்த நாற்றத்துக்குக் காரணம், சுத்தக்குறைவு இல்லை. மெட்ரோனிடசோல் என்ற மருந்தை ஜெல்லாகவோ மாத்திரையாகவோ கொடுத்தால் நாற்றம் பெரும்பாலும் குறையும். எளிதில் கிடைக்கிற பழைய மருந்துதான். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது மட்டும் வேண்டாம், ரத்தம் கிளம்பும், தொற்று மேலேறும்.

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோயில் அரிப்பும் எரிச்சலும் உயிரை எடுக்கும். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கழித்தால் எரிச்சல் குறையும். வாசனை சோப்பு, வாசனை பேட் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல்லை டாக்டரிடம் கேட்கலாம்.

சிறுநீரோ மலமோ பெண்ணுறுப்பு வழியாகக் கசிந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், சிகிச்சைத் திட்டமே அதனால் மாறலாம். இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வலி, சிறுநீர் குறைவது, கால் வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் சிறுநீர்க் குழாயைக் கட்டி அழுத்துகிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் குழாய் வைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள்.

வலி

வலி வந்த பிறகு மாத்திரை போடுவதைவிட நேரம் பார்த்துப் போடுவது நல்லது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை ரத்தப்போக்கைக் கூட்டலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், கேட்காமல் போட வேண்டாம். இவற்றுக்கு அடங்காவிட்டால் மார்ஃபின் வகை மருந்துகள் இருக்கின்றன. மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம், பழக்கமாகிவிடும் என்று வீட்டில் பதறுவார்கள். வலிக்காக டாக்டர் பார்த்துக் கொடுக்கும்போது அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. தூங்கவும் நடக்கவும் முடிந்தால்தான் உடம்பு ஆபரேஷனுக்குத் தேறும். அந்த மருந்து தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

வலி தணிப்பு மருத்துவர் என்றால் சாகப்போகிறவர்களுக்கானவர் என்று ஒரு தவறான எண்ணம் பரவிக்கிடக்கிறது. குணமாகப் போகிற நோயாளியின் வலி, வாந்தி, மூச்சுத்திணறலையும் அவர்தான் நன்றாகக் கையாளுவார். காத்திருக்கும் வாரங்களில் அவரைப் பார்க்க அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

எப்போது ஓட வேண்டும்

இதைத் தனியாகச் சொல்கிறேன், வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைவது இரண்டு மணிநேரம் தொடர்ந்தால், எழுந்து நின்றால் மயக்கம் வந்தால், காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் அந்த உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சினைப்பைப் புற்றுநோயில், குறிப்பாக கிளியர் செல் வகையில், இது அதிகம். அடிவயிற்றில் சட்டென்று தாங்க முடியாத வலி வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடைந்திருக்கலாம். 38 டிகிரி செல்சியஸ் தாண்டிய காய்ச்சல், அதுவும் கீமோ ஓடும்போது, அவசரம்தான். சிறுநீரே வராமல் போவதும், புதிதாகக் குழப்பமாகப் பேசுவதும் அப்படியே.

“அடுத்த வாரம்தான் டாக்டரைப் பார்க்கிற நாள்” என்ற நினைப்பு இந்த நேரத்தில் வரக் கூடாது. அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. நோயின் பெயர், எந்த டாக்டர், என்ன மாத்திரை, என்ன அலர்ஜி என்று ஒரே ஒரு தாளில் எழுதி, கடைசி ரிப்போர்ட்டோடு பையில் தயாராக வைத்திருங்கள்.

மனசும் போனும்

காத்திருப்பவரின் வாழ்க்கை போனைச் சுற்றியே ஓடும். குளிக்கப் போகும்போதும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். இந்த நிலையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மருத்துவமனையில் ஒருவரின் பெயரும் எண்ணும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், ஒருங்கிணைப்பாளரோ நர்ஸோ யாராக இருந்தாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் நீங்களே கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற நாள்களில் போனைக் கொஞ்சம் மறக்கலாம். கூப்பிடும்போது “எப்போ சார் ஆகும்?” என்று தொடங்காமல், போன வாரத்தைவிட என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். “போன வாரம் நாலு பேட், இந்த வாரம் ஒன்பது. ஹீமோகுளோபின் 9இலிருந்து 7.8 ஆகிவிட்டது.” வரிசையில் யாரை முன்னே எடுப்பது என்று முடிவெடுப்பவருக்குத் தேவை இந்தத் தகவல்தான். பொறுமையாக, குறை சொல்லாமல் இருப்பவர் நல்ல நோயாளி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாய் திறக்காதவரின் உடம்பு மோசமாவது யாருக்கும் தெரியாமல் போகிறது என்பதுதான் நடைமுறை.

தேதி கடைசி நேரத்தில் ரத்தாவது மிகக் கொடுமையானது. பட்டினி கிடந்து, கவுன் மாட்டி, ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு “இன்னைக்கு இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். அழுகை வந்தால் அழுதுவிடுவதுதான் சரி. அதன்பிறகு, அங்கிருந்து கிளம்பும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: புதுத் தேதி அல்லது அது எப்போது சொல்லப்படும், நிறுத்திய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கலாமா, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் மறுபடி தேவைப்படுமா. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆபரேஷனுக்காக நிறுத்தியவர் வீட்டுக்குப் போய் யாரும் சொல்லாததால் தொடங்காமலே இருந்துவிடக் கூடாது.

மனச்சுமையையும் அளக்க முடியும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை உங்கள் மனவேதனைக்கு ஓர் எண் கொடுங்கள் என்று புற்றுநோய்ப் பிரிவுகளில் கேட்பார்கள். நான்கோ அதற்கு மேலோ என்றால் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லலாம். வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதையும் உதிரப்போக்கு மாதிரி ஓர் அறிகுறியாக எடுத்துச் சொல்லி வைத்தியம் கேட்க வேண்டும்.

இந்த நாள்களில் செய்ய முடிந்தவை

உடம்பைத் தேற்ற இந்த வாரங்கள் உதவும். முடிந்த அளவு தினமும் நடப்பது, ஆழமாக மூச்சிழுத்து விடும் பயிற்சி, உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தப் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புகை பிடிப்பவர் நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் நுரையீரலுக்கும் தையல் ஆறுவதற்கும் பெரிய உதவி. சாப்பிடும் எல்லா மருந்துகளையும், மூலிகை, சத்து மாத்திரை உட்பட, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சில சத்து மாத்திரைகளும் ரத்தப்போக்கைக் கூட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு கேட்டால் பயன் இல்லாத கேள்விகள். சினைப்பைகளையும் எடுப்பார்களா? எடுத்தால் மாதவிடாய் அன்றோடு நின்று, சில நாளிலேயே உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் தொடங்கும். அதற்கு ஹார்மோன் எடுக்கலாமா என்பது புற்றுநோயின் வகையைப் பொறுத்தது. குழந்தை வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறதா? கருமுட்டையை எடுத்து உறையவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். ஆரம்பநிலையில் சிலருக்குக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் வழியும் உண்டு. உள்சுவர்ப் புற்றுநோய்க் கட்டியில் பரம்பரைக் கோளாறுக்கான பரிசோதனை செய்திருக்கிறார்களா? குடல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தால் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி, பிள்ளைகளும் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கலாம். இந்தக் கேள்விகளை உதிரப்போக்குக் கணக்கு எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கூட வருபவர் கையில் அந்த நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பதிலையும் அங்கேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.